வாசற்படியில் நிற்பவர் இருவர்

பங்குத் தந்தையின் புத்தக அலமாரியில் எந்தெந்த நூல்கள் இருக்கலாம் என்பது பற்றி இறைமக்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. திருவிவிலியம், இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகள், புனிதர் வரலாறுகள், மறையுரைக் குறிப்புகள் ஆகியவை இருக்கலாம். போனால் போகிறதென்று மு.வ.வையும் கல்கியையும் ஏற்றுக்கொள்வர். இவற்றுக்கு நடுவே பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வும், அட்டையில் கோரைப் பல்லும் குருதித் துளியும் வரைந்த பத்துப் பன்னிரண்டு பாக்கெட் நாவல்களும் இருந்தால், பார்ப்பவர் முகம் சற்றே மாறுகிறது. “சாமி, இதையெல்லாமா படிக்கிறீங்க?” என்று வினவுவோருக்கு, “ஆம், விரும்பிப் படிக்கிறேன்” என்பதே என் விடை. அவ்விருப்பத்தின் காரணத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்தம் குடிக்கும் பேய் மேனாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் குருதியை உலைநீராக்கிக் கூழ் சமைத்து உண்கின்றன. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ‘காட்டேரி’ என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சாத குழந்தை இல்லை. கருவுற்ற பெண்ணையும் கருவிலுள்ள சிசுவையும் தீண்டும் தெய்வமென அஞ்சப்பட்ட காட்டேரி, அவர்களைக் காக்க வேண்டுமென்று படையலிட்டு வணங்கப்பட்டவளும் ஆவாள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியோர், அவளையும் உடன் அழைத்துச் சென்றனர். தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் அவர்தம் வழிவந்தோர் இன்றும் காட்டேரியை வழிபடுகின்றனர். மொழியை மறந்த பின்னும் அச்சத்தையும் அதற்கான மருந்தையும் அவர்கள் மறக்கவில்லை.

என் தலைமுறையினர்க்கு முதல் பேய்த் தோழன் வேதாளம். 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழில், ஓவியர் சங்கர் தீட்டிய அந்தச் சித்திரத்தை, அதாவது வாளேந்திய மன்னன், அவன் தோளில் பிணம், பின்னணியில் சுடுகாடு என்று அமைந்ததை, யார் மறக்க முடியும்? ரிச்சர்டு பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1870-இல் அக்கதைகளைத் தம் மொழியில் வெளியிட்டபோது, வேதாளத்துக்கு ‘வாம்பயர்’ என்றே பெயரிட்டார். அது முழுப் பொருத்தமன்று. நம் வேதாளம் மன்னனின் கழுத்தைக் கடிப்பதில்லை. அவன் மனச்சான்றைக் கடிக்கிறது. கதை சொல்லி, யார் செய்தது நியாயம் என்று கேட்டு, விடை தெரிந்தும் கூறாவிட்டால் தலை வெடிக்கும் என்கிறது. பின்னாளில் குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில் மனச்சான்றுச் சிக்கல்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஆய்ந்தபோது, இப்பயிற்சியை எனக்கு முன்னரே அளித்த ஆசிரியர் முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர் என்பதை நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் வாடகை நூல் நிலையக் காலம். பி.டி. சாமியின் பேய் நாவல்களும், டிராகுலாவை வைத்துப் பல நாவல்கள் புனைந்த மலையாள எழுத்தாளர் கோட்டயம் புஷ்பநாத்தின் நூல்களும் கைமாறிக் கைமாறி நைந்துபோயிருக்கும். அவற்றை இலக்கியம் என்று வாதிட நான் வரவில்லை. ஆயினும், அவ்வரிசையில் ஐயத்துக்கிடமின்றி இலக்கியமான ஒன்று உண்டு. அது புதுமைப்பித்தன் 1943-இல் வெளியிட்ட ‘காஞ்சனை’. நள்ளிரவில் மனைவியின் தொண்டையில் குண்டூசி முனையளவில் தென்படும் இரத்தத் துளியைக் கணவன் காணும் அந்த ஓரிடம் போதும். டிராகுலாவின் பெயரைக் கூறாமலே, கார்பேத்திய மலைகளைக் காட்டாமலே, நம் வீட்டு வாசலுக்குள் அந்தப் பயத்தை அவர் கொண்டுவந்து விட்டார். அங்கே மருந்தாக வருவதும் தெருவில் வந்த ஒருவன் தரும் திருநீறேயாகும்.

ஸ்டோக்கரின் நாவல் வெளியான ஆண்டு 1897. அதை வாசிக்கும் கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் பிறர்க்குக் கிட்டாத சில இன்பங்கள் உண்டு. ஆசிரியர் அயர்லாந்தின் புரோட்டஸ்டண்ட் குடும்பத்தவர். அவர் படைத்த ஜோனத்தன் ஹார்க்கர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த இளம் வழக்குரைஞர். டிராகுலாவின் கோட்டைக்குப் புறப்படும் வேளையில் முதியவள் ஒருத்தி தன் கழுத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி அவர்க்கு அணிவிக்கிறாள். அதை உருவ வழிபாடு என்று கருதப் பழகியவர், மறுக்கவும் மனமின்றி ஏற்றுக்கொள்கிறார். பின்னர் அச்சிலுவையே அவர்க்குக் காப்பாகிறது. பேராசிரியர் வான் ஹெல்சிங்கோ, நற்கருணை அப்பத்தைப் பொடித்துப் பிசைந்து கல்லறை வாயிலின் இடுக்குகளை அடைக்கிறார். அதற்குத் தம்மிடம் ‘பலன்’, அதாவது ஞானப் பேறு உண்டென்கிறார். இவ்விடத்தில் எனக்குச் சிரிப்பு வராமல் இருப்பதில்லை. பாவத்துக்குரிய தண்டனையின் குறைப்பே பேறுபலன். எதையும் செய்வதற்கான அனுமதிச் சீட்டு அன்று. நற்கருணையை அவ்வாறு கையாளுதலைத் திருச்சபைச் சட்டம் மிகக் கடுமையான குற்றமாகக் கொள்கிறது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். நற்கருணையில் இருப்பது வெறும் அப்பமன்று என்று அந்நாவல் ஒரு கணமும் ஐயுறவில்லை.

திருச்சபைக்கும் இக்கதைகளுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி, மொராவியா நாடுகளில் இறந்தோர் எழுந்து வந்து இரத்தம் குடிப்பதாகப் பீதி பரவியது. கல்லறைகள் தோண்டப்பட்டுச் சடலங்கள் சிதைக்கப்பட்டன. அகுஸ்தீன் கால்மே என்னும் பெனடிக்டின் சபை மடாதிபதி, அறிந்த செய்திகளையெல்லாம் திரட்டி 1746-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் இவற்றை மனக்கற்பனை என்றே தள்ளினார். 1755-இல் பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஜெரார்டு வான் சுவீட்டனின் ஆய்வைக் கொண்டு, சடலங்களைத் தோண்டிச் சிதைக்கும் கொடுமைக்குத் தடை விதித்தார். கல்லறைக்குள் பேயில்லை என்பது அன்றே முடிந்த வழக்கு. கல்லறைக்கு வெளியே இரத்தம் குடிப்பவர் உளரா என்பதே எஞ்சிய கேள்வி. அக்கேள்வியைக் கதைகள் எடுத்துக்கொண்டன.

இனி, நான் தனியாகச் சுவைக்கும் இன்பம் மட்டுமன்று இது. ஆம்பூர்ப் பக்கத்தில் அமைந்த எம் பங்கில், ஞாயிறு மாலை மறைக்கல்வி முடிந்த பின் எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பெண்கள் மூவர்; தோல்ஷாப்பில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர்; வேலூரில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் தம்பி ஒருவர்; கல்லூரி மாணவர் இருவர்; ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ‘வாசகர் வட்டம்’ என்பது நான் வைத்த பெயர். ‘காட்டேரிச் சங்கம்’ என்பது அவர்களே வைத்துக்கொண்டது. ஆங்கில நூலை நான் வாரமொரு பகுதியாகத் தமிழில் சொல்கிறேன். அவர்கள் தாம் வாசித்த கதைகளையும் பார்த்த படங்களையும் சொல்கின்றனர். நூல்கள் கைமாறுகின்றன. இத்தகைய அன்பர் கூட்டங்கள் உலகில் புதியனவல்ல. 1973-இல் இலண்டனில் ‘டிராகுலா சங்கம்’ தோன்றிற்று. 1988-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ஆன் ரைசின் வாசகர் தமக்கொரு சங்கம் கண்டனர்.

உப்பிட்ட பச்சைத் தோலைத் தொட்டியில் ஊறவைத்து, ஒட்டிய இரத்தமும் உப்பும் அழுக்கும் போக்குவதே தோல் பதனிடுதலின் முதல் வேலை. அதை நாள்தோறும் செய்பவருக்கு இரத்தம் என்பது கவர்ச்சியுமன்று, அருவருப்புமன்று. அவர்களும் இக்கதைகளை விரும்புவது எதற்காக என்று நான் முதலில் வியந்தேன். அவர்கள் விரும்புவது இரத்தத்தையன்று, விதிகளை என்பது போகப் போக விளங்கிற்று. காட்டேரி எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அவர்கள் வாதிடுவதைக் கேட்டால், குருமடத்தின் விவாத வகுப்பே நினைவுக்கு வரும். பகலொளி பட்டால் அவன் அழிவான் என்றார் ஒரு மாணவர். ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான், வலிமை மட்டுமே குறைகிறது, ஒளியால் அழிவது 1922-இல் வெளிவந்த செருமானிய மௌனப் படமாகிய ‘நோஸ்பெராட்டு’ தந்தது என்று நான் விளக்கினேன். அவன் உருவம் கண்ணாடியில் தெரியாது என்பதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினோம். “பிறன் இரத்தத்தில் வாழ்பவனால் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது, அவ்வளவுதான்” என்று தமிழாசிரியர் முடித்துவைத்தார்.

மற்றொரு விதி உண்டு. வீட்டிலுள்ள ஒருவர் முதலில் ‘வா’ என்று அழைத்தாலன்றி டிராகுலா உள்ளே நுழைய இயலாது. ஒருமுறை அழைத்துவிட்டால் பின் விருப்பம்போல் வந்துபோவான். இதை நான் சொல்லி முடித்த மாலையில், அதுவரை அதிகம் பேசாதிருந்த, காலணி தைக்கும் சகோதரி ஒருவர் மெல்லச் சொன்னார்: “மீட்டர் வட்டிக்காரனும் அப்படித்தான் ஃபாதர். நாம கூப்பிடாம வர்றதில்ல.”

அறையில் சற்று நேரம் பேச்சில்லை. மற்றவர் சென்றபின் அவர் தங்கினார். அவர் கூறியது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. அவரது இசைவோடு ஈண்டு எழுதுகிறேன். தாயின் மருத்துவச் செலவுக்காக வாங்கிய கடன். வட்டி கட்டவே சம்பளத்தில் பாதி போயிற்று. வங்கி அட்டையும் கடவு எண்ணும் கடன் கொடுத்தவர் கையில். சம்பள நாளன்று பணத்தை அவரே எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். வீட்டில் எவர்க்கும் தெரியாது. அன்பியக் கூட்டங்களில் எத்தனையோ முறை ‘உங்கள் கவலைகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறோம். அங்கே வராத சொல் காட்டேரிக் கதையின் நடுவே வந்தது. தன் நிலைமையை வெட்கமின்றிச் சொல்வதற்கு ஒரு வடிவம் அவர்க்குத் தேவைப்பட்டது. கதை அதைத் தந்தது.

‘இரத்தத்தை உறிஞ்சுகிறான்’ என்று நம் மக்கள் கடன்காரனைப் பற்றிக் கூறுவதை நாம் வெறும் வழக்காகக் கேட்டுவிடுகிறோம். திருவிவிலியம் அவ்வாறு கேட்கவில்லை. நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரம், ‘தா, தா’ என்பதன்றி வேறறியாத அட்டையின் புதல்வியரைப் பற்றிப் பேசுகிறது. காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கதறுகிறது. யாக்கோபின் திருமுகத்தில், கொடாது பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது. 1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் கார்ல் மார்க்ஸ் முதலை இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில், ஏழைகளை விழுங்கும் கொடுவட்டியைக் கண்டித்தார். இருவரும் பலவற்றில் மாறுபட்டவர்; எனினும் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதில் இங்கே ஒன்றுபடுகின்றனர். நம் மாநிலத்திலும் கொடுவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. அச்சட்டத்தை அறிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நாங்கள் சென்று பேசியபின், அட்டை அச்சகோதரியின் கைக்குத் திரும்பிற்று. கடன் இன்னும் தீரவில்லை. அதை அடைக்க மகளிர் குழு உதவுகிறது.

இதன்பின் ஒரு மாலையில், கல்லூரி மாணவர் என்னிடம் கேட்ட கேள்வியே எனக்கு மிகவும் அரியது. “ஃபாதர், தப்பா நெனைக்காதீங்க. அவனும் இரத்தம் குடிச்சுச் சாகாம வாழறான். நாமும் பூசையில கிறிஸ்துவின் இரத்தம்னுதான் சொல்றோம், நிலைவாழ்வுன்னு சொல்றோம். என்ன வித்தியாசம்?”

இக்கேள்வி புதிதன்று. முதல் நூற்றாண்டுகளில், கிறிஸ்தவர் குழந்தையைக் கொன்று இரத்தம் குடிக்கின்றனர் என்று உரோமையர் பழி தூற்றினர். ஏறத்தாழ 197-இல் தெர்த்துல்லியன் அதை மறுத்தெழுதியபோது, நாங்கள் விலங்கின் இரத்தத்தைக்கூட உண்பதில்லையே என்று வாதிட்டார். ஆக, காட்டேரி என்னும் பட்டத்தை முதலில் சுமந்தவர் நாமே எனலாம். அதற்கும் முன்னே, கப்பர்நாகூமில் ஆண்டவர் தம் சதையை உண்டு தம் இரத்தத்தைக் குடிப்பது பற்றிக் கூறியதும், சீடருள் பலர் அவரை விட்டு விலகினர் என்று யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை. உயிர் இரத்தத்தில் உள்ளது, ஆதலால் அதை உண்ணலாகாது என்பது லேவியர் நூல் தந்த கட்டளை. உயிர் இறைவனுக்கே உரியது. எவனும் பிறன் உயிரைத் தன் உணவாக்கலாகாது. ஸ்டோக்கரின் நாவலில் ரென்பீல்டு என்னும் மனநோயாளி அவ்வேத வாக்கைத் தலைகீழாக்கி, உயிர் இரத்தத்தில் உள்ளதாகையால் அதைக் குடிக்க வேண்டும் என்று வெறிகொள்கிறான்.

அம்மாணவருக்கு நான் அளித்த விடை எளியது. எத்திசையில் ஓடுகிறது என்று பார். காட்டேரிக் கதையில் எளியோரின் இரத்தம் வலியோனை நோக்கி ஓடுகிறது. திருக்கிண்ணத்தில் ஆண்டவரின் இரத்தம் எளியோரை நோக்கி ஓடுகிறது. முன்னவன் இறவாதிருக்கப் பிறரைச் சாகடிக்கிறான். பின்னவர் பிறர் வாழத் தாம் இறக்கிறார். இருவரும் வாசலில் நிற்கின்றனர். திருவெளிப்பாட்டின் 3-ஆம் அதிகாரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் ஆண்டவரும் அழைப்பில்லாமல் உள்ளே வருவதில்லை. வந்தபின் நடப்பதே வேறு. அவர் நம்மோடு அமர்ந்து விருந்துண்கிறார்.

அப்போது பரிசோதனைக் கூடத் தம்பி குறுக்கிட்டார். டிராகுலாவிலேயே கொடுப்பவர்கள் இருக்கிறார்களே என்றார். உண்மை. இரவுதோறும் இரத்தம் இழந்து வெளிறும் லூசிக்கு, அவளை மணக்கவிருந்தவர், அவள் மணக்க மறுத்த இருவர், வான் ஹெல்சிங் என நால்வர் ஒருவர்பின் ஒருவராய்த் தம் இரத்தத்தைத் தருகின்றனர். “வகை பார்க்காம, கிராஸ் மேட்ச் பண்ணாம நாலு பேரோடதையும் ஏத்தினா, காட்டேரி வர்றதுக்குள்ள டாக்டரே கொன்னுடுவார்” என்று அவர் கூற, அனைவரும் நகைத்தோம். அவர் கூறியது சரியே; லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டது 1901-இல்; நாவலுக்கு நான்கு ஆண்டுகள் பின்பு. மருத்துவம் பிழையாயினும் அக்காட்சியின் மெய்ம்மை பிழையன்று. எடுப்பவன் ஒருவன் வரும் வீட்டுக்குக் கொடுப்பவர் நால்வர் வருகின்றனர்.

வேலூர் மண்ணில் வாழும் நமக்கு இக்காட்சி கற்பனையன்று. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய கிறித்தவ மருத்துவமனையில், 1986 முதல் எலும்பு மச்சை மாற்று மருத்துவம் நடைபெறுகிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்திறங்கும் பெற்றோர், இரத்தப் புற்று கண்ட குழந்தையைத் தோளில் சுமந்து செல்வதைக் காணாத வேலூரார் இல்லை. அவர்தம் மொழி நமக்குத் தெரியாது. கேட்பது ஒன்றே: இரத்தம் தர ஒருவர்.

அக்குழந்தைகளைக் காணும்போது எனக்கு ஆன் ரைசின் நினைவு வரும். அவர்தம் மகள் ஐந்தாம் வயதில், 1972-இல், இரத்தப் புற்றால் இறந்தாள். அத்துயரிலிருந்து எழுந்த நாவல் 1976-இல் வெளிவந்தது. அதில் வளராமலும் இறவாமலும் நின்றுவிட்ட ஒரு சிறுமி இரத்தக்காட்டேரியாய் வருகிறாள். கத்தோலிக்கராய்ப் பிறந்து, விசுவாசத்தை இழந்து, 1998-இல் திரும்பி, 2010-இல் மீண்டும் விலகி, 2021-இல் மறைந்த அவ்வெழுத்தாளரைத் தீர்ப்பிட எனக்கு மனமில்லை. மகளைச் சாகவிட மறுத்த ஒரு தாயின் நெஞ்சை அந்நூலில் காண்கிறேன். அதே நூல்தான் எனக்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. இறவாமை வேறு, உயிர்ப்பு வேறு. அச்சிறுமி சாகவில்லை, ஆயினும் அவளுக்கு நாளை என்பதில்லை. உயிர்த்த ஆண்டவரோ சாவைத் தவிர்க்கவில்லை. அதனூடே சென்று, காயங்களோடு தோமாவின்முன் நின்றார். மரணப் படுக்கையருகே நான் அறிவிக்க வேண்டியது இந்த உயிர்ப்பையே என்பதை, நல்ல இறையியல் நூல்களுக்கு இணையாக அந்தச் சோகக் கதையும் எனக்கு நினைவூட்டுகிறது.

எல்லாரும் இக்கதைகளைப் படியுங்கள் என்று நான் கூற வரவில்லை. சிறுபிள்ளைகளுக்கு இவை ஆகா. அச்சம் எளிதில் பற்றும் மனத்தினர் விலகியிருப்பதே நன்று. காட்டேரியை அழகிய காதலனாக்கி, கடிபடுவதையே காதல் என்று பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூல்களை எம் வட்டத்துப் பெண்களே கேலி செய்கின்றனர். ஆனால், ஒருவர் உயிரில் மற்றவர் வாழ்வது சாத்தியம், அது தீமை, அதை அடையாளம் காண வேண்டும், கதவைத் திறக்குமுன் வந்திருப்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்று நேரிடையாய்ச் சொல்லும் கதைகள் வேறெத்தனை உள? அவற்றை நால்வர் கூடிப் பேசி மகிழ்வதில் குருவாகிய நானும் ஒருவனாய் இருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

டிராகுலாவைச் சொல்லி முடித்துவிட்டோம். வரும் வாரம் தமிழாசிரியர் ‘காஞ்சனை’யை உரக்கப் படிக்க இசைந்திருக்கிறார். பரிசோதனைக் கூடத் தம்பி, வட்டத்தினர் அனைவரின் இரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, மறைக்கல்வி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அத்தாளில் ஐந்தாவது பெயர் என்னுடையது. ஆறாவது அந்தச் சகோதரியுடையது.